ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து

தொகுதி அலுவலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், போன கிழமை எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அன்ரி, எங்கட மெம்பர் ஒரு சட்டத்துக்கு ஆதரவு எண்டு சொல்லிப்போட்டார். எங்களுக்குப் போன் பண்ணுற சனத்தில பாதிப் பேர் எதிர்ப்பு. நான் ரிப்போர்ட்டில என்னத்தை எழுதுறது?" அவர் வேலைக்கு வந்து ஆறு கிழமைதான். முகத்தில் ஓய்வூதியக்காரரின் கவலை. நான் ஏதோ பகிடி விட்டுச் சமாளித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அதே வேலையைச் செய்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பதிலைச் சொல்லத் தொடங்கினால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும், அதுதான் தயக்கம். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி யார் என்னை வேலையால் நிற்பாட்டப் போகிறார்கள்? ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம். ஒரு சிறிய கடைத்தொகுதியில், உடுப்புச் சலவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது. அங்கே மல்வேர்ன் பக்கம் எங்கள் சனம் இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். அவர்களோடு தமிழில் கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். அலுவலகத்தில் நாங்கள் இரண்டே பேர். நானும் மேலாளரும். மேலாளர் நியூஃபவுண்ட்லாந்துக்காரி. அவர் கண்ணில் படாமல் ஒரு கடித உறைகூட அந்தக் கதவைத் தாண்டிப் போகாது.

உறுப்பினர் முன்பு உயர்நிலைப் பள்ளியில் துணை அதிபராக இருந்தவர். உரத்த குரல். கோபம் வரும், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடும். குற்றமும் தண்டனையும் பற்றி அவருக்கு இரண்டு நிலைப்பாடுகள் இருந்தன. ஒன்று, நாட்டிலுள்ள துவக்கு, துப்பாக்கி எல்லாம் பதியப்படவேண்டும், பூட்டி வைக்கப்படவேண்டும். மற்றது, துவக்கோடு குற்றம் செய்கிற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும். தேர்தலுக்கு அடித்த துண்டுப்பிரசுரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த நேரம் தலைநகர் ஒட்டாவாவில் இரண்டைப் பற்றியும் சட்டமூலங்கள் வந்திருந்தன.

பெரிய இழுபறி முதலாவதில்தான். துவக்குப் பதிவுக்கு எதிரான தொலைபேசி அழைப்புகள், நாங்கள் கதவைத் திறக்க முதலே தொடங்கிவிடும். விலாசம் கேட்டால் பாதிப் பேர் எங்கள் தொகுதியே இல்லை. உறுப்பினரின் கட்சிக்குள்ளேயே நாட்டுப்புறத்து உறுப்பினர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "என்னுடைய மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று எடுத்துக் காட்ட என் கையில் ஏதாவது வேண்டும்" என்று ஒருநாள் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம்தான். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

அந்த மாரியில்தான் நிமலனுக்குத் துவக்குச் சூடு பட்டது. நிமலனுக்கு அப்போது இருபத்தாறு வயது. மல்வேர்னில் அக்கா வீட்டின் பேஸ்மென்டில் இருந்துகொண்டு பெற்றோல் அடிக்கிற ஒரு காஸ் ஸ்ரேசனில் வேலை செய்தார். ஒரு பின்னேரம், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் குழல் அறுத்த வேட்டைத் துவக்கோடு உள்ளே வந்தான். அவன் கேட்டதை நிமலன் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் வெடித்தது. உயிர் தப்பியது. வலது கை மணிக்கட்டு நரம்பு போய்விட்டது. அந்தத் துவக்கு யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மென்டிலிருந்து களவு போனது. பொலிஸ் வந்து சொல்லும்வரை அது களவு போனதே வீட்டுக்காரருக்குத் தெரியாதாம்.

நிமலனின் அக்கா புருசன் தவராசா அண்ணை, மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ஏதும் செய்யவேணும். துவக்கு உப்பிடிக் கேட்பாரில்லாமல் கிடக்குமெண்டால் இதென்ன நாடு? உதுக்குப் பயந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்."

"பாராளுமன்றத்துக்கு ஒரு மனு குடுப்பம் அண்ணை" என்றேன். குடியுரிமை தேவையில்லை, இந்த நாட்டில் குடியிருந்தால் போதும், எவரும் கையெழுத்து வைக்கலாம் என்று விளக்கினேன். அண்ணையின் முகம் தெளிந்ததை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன். அதுவரை எங்கள் சனம் அரசாங்கத்துக்குக் கொடுத்த பேப்பர் எல்லாம் தங்களை இந்த நாட்டில் வைத்திருக்கச் சொல்லிக் கெஞ்சிய பேப்பர்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக, இப்படிச் செய் என்று கேட்கப் போகிறார்கள்.

மனுவை நானே ரைப் பண்ணினேன். அன்று பின்னேரமே, மேலாளர் வீட்டுக்குப் போன பிறகு, முடித்து அண்ணையிடம் கொடுத்தேன். அண்ணை கேட்டது துவக்கைப் பற்றி மட்டும். நான் துண்டுப்பிரசுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த இரண்டாவதை, பெடியன்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தும் கோரிக்கையையும் சேர்த்து எழுதினேன். உறுப்பினர் சந்தோஷப்படுவார், மனுவும் வடிவாக, கனதியாக இருக்கும். அவ்வளவுதான் என் யோசனை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இரண்டு கிழமையில் தவராசா அண்ணை எண்ணூறுக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு வந்தார். முதலாவது பெயர் நிமலன். உறுப்பினருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அந்தச் சந்தோஷத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரருக்கும் சொல்லிவிட்டார். நான் தரையில் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மேலாளர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வீட்டில் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். அடுத்த வீட்டில் ஐந்து பேர், அவர்களும் அப்படியே. உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடமா?"

உண்மையைச் சொல்கிறேன், நான் "ஆம்" என்றேன். எங்கள் ஊர் ஆசிரியர்கள் கையெழுத்தில் மிகக் கண்டிப்பு, எல்லோருக்கும் ஒரே அச்சுத்தான் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். எங்கள் சனத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற எண்ணம். மேலாளர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, நான் போன மாதம் லீவுக்கு எழுதிக் கொடுத்த படிவத்தை எடுத்து வந்தார். மனுவில் ஒரு தாளை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அந்தத் தாளில் என் பெயர் இருந்தது. என் பெயருக்கு எதிரே ஒரு கையெழுத்தும் இருந்தது. என் கணவருடையது.

நான் வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை தவராசா அண்ணை எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் கணவர் எனக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்துவிட்டார். பிழை செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் வீடுகளில் அதுதானே பழக்கம்? பள்ளிக்கூடக் கடிதம், வாடகை ஒப்பந்தம், எது வந்தாலும் வீட்டுக்கு ஒரு கையெழுத்து. ஊரில் குடும்ப அட்டைக்கும் அப்படித்தான். ஆனால் பாராளுமன்றத்தின் விதி வேறு. மனுவில் ஒவ்வொருவரும் தன் பெயருக்குத் தானே கையெழுத்து வைக்கவேண்டும். அந்த விதி எனக்குத் தெரியும். அண்ணைக்கு நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. தாள்கள் வந்தபோது, ஒரே மாதிரியான எழுத்துகள் என் கண்ணிலும் பட்டன. எண்ணூறு என்ற எண் கண்ணை மறைத்துவிட்டது.

பதிவை எதிர்த்த துவக்குக்காரர்களின் கையில் இது அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதன்முதலாக வாய் திறந்த சனத்துக்குக் கள்ளக் கையெழுத்துக்காரர் என்ற பெயர். நிமலனின் பெயர் அந்தக் கூத்தின் தலைப்பில்.

"உறுப்பினரிடம் நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லவேண்டும்" என்றார் மேலாளர். அன்றைக்கு அவரில் எனக்குப் பொல்லாத கோபம். இன்றைக்கு அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை உறுப்பினர் ஒட்டாவாவிலிருந்து வந்தார். மேலங்கியைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன். என் பெயர் இருந்த தாளையும் காட்டினேன். அவர் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"இதில் எத்தனை கையெழுத்து வைப்பதை நீ கண்ணால் பார்த்தாய்?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியானால் என்னிடம் ஒன்றும் இல்லை."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "திங்கட்கிழமை மத்தியானம் நான் திரும்பிப் போகிறேன். ஒரு மனுவுக்கு இருபத்தைந்து கையெழுத்து இருந்தால் சபை ஏற்றுக்கொள்ளும். இருபத்தைந்து கொண்டுவந்தால் அதை எடுத்துப்போவேன். இருபத்துநான்கு என்றால் வெறுங்கையோடு போவேன். யாரையும் சம்மதிக்க வைக்காதே. வாசித்துக் காட்டு, பேனையைக் கொடு, பிறகு வாயை மூடிக்கொண்டிரு."

சனிக்கிழமை காலை மல்வேர்னில் தவராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். அதே வாசகத்தோடு புதிய தாள்கள் கையில். விசயத்தைச் சொன்னதும் அண்ணை எழும்பி நின்றார்.

"விளையாடுறீரே தங்கச்சி? ரெண்டு கிழமை கடையை மனுசியிட்ட விட்டுப்போட்டுப் பனிக்குள்ள வீடு வீடாத் திரிஞ்சனான். வீட்டுக்காரன் வைச்சால் போதாதே?"

"போதாது அண்ணை. பிழை என்ர. நான் முந்தியே சொல்லியிருக்கவேணும்."

"அப்ப நாங்கள் என்ன கள்ளரே?"

"இல்லை அண்ணை. அப்பிடி ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டுதான் திரும்பவும் வந்து நிக்கிறன்."

சத்தம் கேட்டு நிமலன் பேஸ்மென்டிலிருந்து ஏறி வந்தார். வலது கை துணிக்கட்டில் தொங்கியது. அவருடைய அக்கா பவானி தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றார்.

"அக்கா" என்றார் நிமலன் என்னிடம். "என்ர பேர் முதலாவதாக் கிடக்கெண்டு சொல்லிச்சினம். உந்தப் பேப்பரை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளே? நான் இன்னும் பாக்கேல்ல."

எண்ணூறு பேருக்கு மேல் போன மனு. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாவதுக்கு இப்பவே வைப்பன். அந்தத் துவக்கு பூட்டிக் கிடந்திருந்தால் எனக்கு இது நடந்திராது. ரெண்டாவதுக்கு வைக்கமாட்டன்."

"என்னடா சொல்லுறாய்?" என்றார் தவராசா அண்ணை. "உன்னைச் சுட்டவனுக்காக வாதாட நீயே அப்புக்காத்தோ?"

"அத்தான், ஊரில ஆமி என்னைப் பிடிக்கேக்க எனக்குப் பதினேழு வயசு. சுத்திவளைப்பில பிடிச்சு, பெரிய ஆக்களோட ஒரே அறையில போட்டவங்கள். ரெண்டு வருசம். அங்க நான் என்ன பட்டனான் எண்டு அக்காவுக்கே இன்னும் சொல்லேல்ல. உந்தப் பெடியன் செய்தது பிழை. தண்டனை குடுக்கட்டும். நான் வேண்டாமெண்டேல்ல. ஆனா அவனைப் பெரிய ஆக்களோட சேத்து விடுங்கோ எண்டு என்ர பேரில ஒருத்தரும் கேக்கக்கூடாது."

தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பவானி அக்கா சொன்னார்: "நானும் ரெண்டாவதுக்கு வைக்கமாட்டன்."

அண்ணை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமோ? முந்தியே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டனீங்களே?"

அந்தக் கேள்வி அண்ணையிடம் மட்டும் கேட்கப்பட்டதல்ல. அந்த இரண்டாவது கோரிக்கையை எழுதியது அண்ணை அல்ல, நான். சனம் சொல்வதை உறுப்பினரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான் என்ன செய்திருந்தேன்? உறுப்பினர் சொன்னதை எடுத்து, சனத்தின் வாயில் வைத்து, அதன் கீழே கையெழுத்து வாங்கி, திரும்ப அவரிடமே கொண்டுபோகப் பார்த்தேன். கள்ளக் கையெழுத்தைவிட இது பெரிய கள்ளம். அதுவும் எனக்கு அந்த வரவேற்பறையில், ஆறிப்போன தேநீருக்கு முன்னால் இருந்துதான் விளங்கியது.

அவர்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே மேலாளரைக் கூப்பிட்டேன். மனுவின் வாசகத்தை யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன். "அப்படியானால் நீயே பிரி" என்றார். அரை மணித்தியாலத்தில் அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். இரண்டு மனுக்கள் எழுதினோம். துவக்குக்கு ஒன்று, பெடியன்களின் வழக்குக்கு மற்றது. இரண்டாவதைக் கைவிடுவோமா என்று கேட்டேன். அவர் மறுத்தார். அதற்கும் உண்மையில் விரும்புகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை நீ எப்படி இல்லாமல் செய்வாய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டேன். பூசை முடிந்து சனம் சாப்பாட்டுக்கு வரும் நேரம். மேசையில் இரண்டு அடுக்குத் தாள்கள், இரண்டு பேனைகள். ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

"மனுசிக்கும் நானே வைக்கிறன்" என்றார் ஓர் ஐயா.

"அவவே வரட்டும் ஐயா."

"அவ உள்ள சாப்பாடு பரிமாறிக்கொண்டு நிக்கிறா."

"நான் எங்க ஓடப்போறன் ஐயா? ஆறுதலா வரட்டும்."

அந்த அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு தாளையும் எடுத்து, என்னை வாசிக்கவிடாமல், தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். பின்னால் வரிசை நீண்டது. ஐயா வைத்தது இரண்டிலும். அம்மா வைத்தது ஒன்றில். ஐயா எட்டிப் பார்த்தார். இப்படி எத்தனையோ சோடிகள் அன்று அந்த மேசையடியில் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்தார்கள்.

நிமலன் அக்காவோடு வந்தார். இயலாதவர்களுக்கு விதியில் ஒரு வழி உண்டு. கையெழுத்து வைக்க முடியாது என்று குறிப்பு எழுதி, ஒருவர் சாட்சி வைத்தால் போதும். அதைச் சொன்னேன்.

"எனக்கு இடது கை கிடக்குத்தானே அக்கா."

நான் வந்துபோன பிறகு சனிக்கிழமை முழுக்கக் கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் பழகியிருக்கிறார். பவானி அக்கா அந்தத் தாள்கட்டைத் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தாள் தாளாக ஒரே பெயர். தொடக்கத்தில் பாம்பும் பல்லியுமாகக் கிடந்து, போகப் போகப் பெயராகியிருந்தது. நிமலன் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, துவக்கு மனுவின் முதல் வரியில் எழுதினார். எழுத்து பெருத்துப்போய் இரண்டாவது வரியையும் பிடித்துக்கொண்டது. பசித்த சனம், பின்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளில் விழக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியாகத் தவராசா அண்ணை வந்தார். மேசையடியில் நின்று இரண்டையும் ஆற அமரப் பார்த்தார். இரண்டிலும் வைத்தார், தனக்கு மட்டும்.

"எங்கட வீட்டில இப்ப ரெண்டு கட்சி, தங்கச்சி" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

துவக்கு மனுவில் இருநூற்றுப் பதினொரு பேர். மற்றதில் நாற்பத்து மூன்று பேர். அந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் நான் எதிலும் வைக்கவில்லை. வைத்திருந்தால் எதில் வைத்திருப்பேன் என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். முதலாவதில் மட்டும்தான். நானே எழுதிய கோரிக்கைக்கு என் கையெழுத்துக் கிடைத்திராது. கணவரிடம் இதைச் சொன்னபோது, "பாத்தீரே, உமக்கும் சேத்து நான் வைச்சபடியாத்தான் அப்ப வேலை முடிஞ்சது" என்றார். அவருக்கு என்ன சொல்வது!

திங்கட்கிழமை காலை உறுப்பினர் நிமலனைப் பார்க்கவேண்டும் என்றார். நிமலன் வந்தார், நான்தான் மொழிபெயர்த்தேன். உறுப்பினரின் மேசையில், சபையில் அவர் பேசப்போகும் உரை இருந்தது. அதை அவர் வாசிக்க நான் தமிழில் சொன்னேன், நிமலனின் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. துவக்கைப் பற்றிய இடத்தில் ஒன்று, பெடியன்களின் வழக்கைப் பற்றிய இடத்தில் ஒன்று.

"சேர், என்ர பேரைத் துவக்குக்குச் சொல்லுங்கோ. பெடியனுக்குச் சொல்லாதேங்கோ" என்றார் நிமலன்.

எங்கள் ஆட்கள் பெரியவர்களிடம் கதைக்கும்போது, மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்வது வழக்கம். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

உறுப்பினர் முன்னுக்குச் சாய்ந்தார். "அவன் உங்கள் கையை எடுத்துவிட்டான். உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"இருக்குது. நல்லா இருக்குது. அந்தக் கோவத்தோட கையெழுத்து வைச்சிடக்கூடாது எண்டுதான் நான் பயப்பிடுறன்."

பிறகு தான் பதினேழு வயதில் இருந்த அறையைப் பற்றிச் சில வசனங்கள் சொன்னார். அவற்றை நான் மொழிபெயர்த்தேன். இங்கே எழுதமாட்டேன், அவை அவருடையவை.

உறுப்பினர் பேனையை எடுத்தார். இரண்டாவது இடத்தில் இருந்த பெயரை நிமலன் பார்க்கும்படியாகவே வெட்டினார். "உங்களிடம் நான் மறைக்கமாட்டேன்" என்றார். "அந்தச் சட்டமூலத்துக்கு நான் ஆதரவாகத்தான் வாக்களிப்பேன். எனக்கு அது சரி என்று படுகிறது. ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி வாக்களிக்கமாட்டேன்." இருவரும் இடது கையால் கைகொடுத்துக்கொண்டார்கள்.

நிமலன் போன பிறகு மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். இரண்டாவது கோரிக்கையைச் சனம் கேட்கவில்லை, உங்கள் துண்டுப்பிரசுரத்திலிருந்து நான்தான் எடுத்து எழுதினேன் என்றேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"அப்படியென்றால் நான் எனக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்."

வேலை போகவில்லை. இரண்டு மனுக்களையும் அவர் சபையில் கொடுத்தார், எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைக்காமல். எண்ணூறு என்று எழுதியிருந்த பத்திரிகைக்காரரைத் தானே கூப்பிட்டுத் திருத்தினார். துவக்குப் பதிவுக்கு ஆதரவாக வாக்களித்தார், அது நிறைவேறியது. மற்றதற்கும், சொன்னபடியே, ஆதரவாக வாக்களித்தார். ஆனால் அதற்குப் பிறகு சிறை பற்றிய பேச்சு எங்கே வந்தாலும், எந்த நீதிமன்றம் தண்டித்தாலும் பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஒரே கூரையின் கீழ் அடைக்கக்கூடாது என்று சொல்வார். அது துண்டுப்பிரசுரத்தில் இல்லாத நிலைப்பாடு. எங்கிருந்து வந்தது என்று எனக்கும் மேலாளருக்கும் தெரியும்.

தேநீர் தந்த பிள்ளைக்கு இப்போது பதில் சொல்லலாம். உங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும், அதை அவருக்கே எழுதிக் கொடுக்கவேண்டாம். போனில் கூப்பிட்டவர் என்ன சொன்னாரோ அதை எழுதுங்கள். அவர் வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறவாதீர்கள். உறுப்பினர் கோபிக்கலாம். நான் பார்த்தவரை, கோபித்தவர்கள் பிறகு நன்றியும் சொன்னார்கள்.

எனக்கு நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். என் பிழையை என் வாயாலேயே சொல்ல வைத்த மேலாளர். சிரித்து என்னை மன்னித்த உறுப்பினர். வீட்டில் இரண்டு கட்சியைத் தாங்கிக்கொண்ட தவராசா அண்ணை. எல்லோருக்கும் மேலாக நிமலன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அவர் தன் மனைவி பிள்ளைகளோடு வந்து ஒரு வாழ்த்து மடல் தந்தார். திறந்தால், பாதி மடலைப் பிடித்துக்கொண்டு அதே பெருத்த கையெழுத்து. அவருடைய வலது கை சில வருடங்களில் ஓரளவு தேறிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் கையால் கார் ஓட்டுகிறார், கிரிக்கெட்டும் விளையாடுகிறார். குடியுரிமைப் பத்திரத்தில், வீடு வாங்கிய பத்திரத்தில், மகளின் பள்ளிக்கூடப் படிவங்களில் எல்லாம் இடது கையால்தான் வைத்தாராம்.

"தம்பி, வலது கைதான் இப்ப எழுதுமே? ஏன் இன்னும் இடது கையால வைக்கிறீர்?" என்று கேட்டேன்.

"மற்றக் கையால வைச்சதெல்லாம் ஆரோ காட்டின இடத்தில வைச்சது அக்கா. இதால வைக்கத் தொடங்கினாப் பிறகுதான் நான் வாசிச்சுப்போட்டு வைக்கிறன்."